கிணற்று நீர் கரித்ததும் அணுக்களின் பிணைப்பும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பிலே கல்லடி, நாவலடி, காத்தான்குடி முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இங்கு வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரையே நம்பியிருந்தனர். மணலினுள் இறங்கும் மழைநீர், அதனிலும் அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. கிணறுகளுக்கு ஊறுவது அந்த நீரே. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அக்கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. நீரைக் கொதிக்க வைத்தாலும் துணியால் வடித்தாலும் கரிப்பு மாறவில்லை. குளோரீன் இட்டால் கிருமிகள் அழியும், உப்பு அகலாது. இதற்கான விடை, சாதாரண தர மாணவர் விஞ்ஞானப் பாடத்தில் மனனம் செய்யும் இரசாயனப் பிணைப்பு என்ற பகுதியிலேயே இருக்கிறது.

கறியுப்பு சோடியம் குளோரைட்டாகும். சோடியம் நீரிலிட்டதும் சீறிப் பற்றும் உலோகம். அதனாலேயே ஆய்வுகூடங்களில் எண்ணெயினுள் வைக்கப்படுகிறது. குளோரீன் நச்சு வாயு. முதலாம் உலகப் போரில், 1915 இல், ஆயுதமாகவே பயன்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து நாம் சோற்றிலிடும் உப்பாவது எவ்வாறு?

சோடியம் அணுவில் பதினொரு இலத்திரன்கள் 2, 8, 1 என அமைந்துள்ளன. குளோரீனின் பதினேழு இலத்திரன்களோ 2, 8, 7 என அமைந்துள்ளன. சோடியத்தின் ஈற்று ஓட்டிலுள்ள ஒற்றை இலத்திரன் குளோரீனுக்குச் செல்லும்போது, இரண்டினதும் வெளியோட்டில் எட்டு இலத்திரன்கள் அமைகின்றன. ஒன்றை இழந்த சோடியம் நேரேற்றமும், ஒன்றைப் பெற்ற குளோரீன் மறையேற்றமும் கொண்ட அயன்களாகின்றன. எதிர் ஏற்றங்களின் இக்கவர்ச்சியே அயன் பிணைப்பாகும்.

அணு எட்டு இலத்திரனை "விரும்புகிறது" என்று வகுப்பில் சொல்வதுண்டு. தொடக்கத்தில் அது உதவலாம். ஆனால் அணுவுக்கு ஆசையேதுமில்லை. சோடியத்திடமிருந்து இலத்திரனை அகற்றச் சக்தி செலவாகிறது. குளோரீன் அதனை ஏற்கும்போது வெளியாகும் சக்தி அச்செலவை ஈடுசெய்யப் போதாது. நேர், மறை அயன்கள் கோடிக்கணக்கில் ஒன்றையொன்று சூழ்ந்து பளிங்காக அடுக்கப்படும்போதுதான் பெருமளவு சக்தி வெளியாகிக் கணக்கு நேராகிறது. ஆகவே உப்பில் "ஒரு சோடியம், ஒரு குளோரீன்" என்ற தனி மூலக்கூறு கிடையாது. ஒவ்வோர் அயனும் எதிரேற்றமுள்ள ஆறு அயன்களால் சூழப்பட்டுள்ளது. உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வேண்டியிருப்பதும் இதனாலேயே.

நீரின் கதை வேறு. ஒட்சிசனின் வெளியோட்டில் ஆறு இலத்திரன்கள், ஐதரசனுக்கு ஒன்றே. இங்கு எதுவும் முழுமையாகக் கைமாறுவதில்லை. இரு ஐதரசன் அணுக்கள் ஒவ்வொன்றும் ஒட்சிசனுடன் ஒரு சோடி இலத்திரன்களைப் பொதுவாகக் கொள்கின்றன. பங்கீட்டு வலுப் பிணைப்பு எனப்படுவது இதுவே. இவ்வாறு சோடியாகப் பகிரப்படுவதை அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேட் லூயிஸ் 1916 இல் எடுத்துரைத்தார். உலோகங்களில் வெளியோட்டு இலத்திரன்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுகின்றன. செம்புக் கம்பி மின்னைக் கடத்துவது அதனாலாகும்.

நீரில் இப்பங்கீடு சமமானதன்று. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதால் அப்பக்கம் சிறிது மறையேற்றமும், ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றமும் பெறுகின்றன. உப்பை நீரிலிட்டால், ஒட்சிசன் பக்கங்கள் சோடியம் அயனையும், ஐதரசன் பக்கங்கள் குளோரைட்டு அயனையும் சூழ்ந்து பளிங்கிலிருந்து பிரித்தெடுத்து விடுகின்றன. தனித்தனி அயன்களாகிவிட்ட உப்பு துணியிலும் மணலிலும் தங்குவதெப்படி? ஆர்.ஓ. எனப் பலரும் அழைக்கும் இயந்திரத்தில், மிக நுண்ணிய சவ்வினூடாக நீர் அழுத்தத்துடன் செலுத்தப்படுவதாலேயே உப்புப் பிரிகிறது.

கொதிக்க வைப்பதும் ஏன் பயன்படவில்லை? பரீட்சைத் தாள்களில் மாணவர் அடிக்கடி தவறும் இடம் இது. நீர் கொதிக்கும்போது ஐதரசனும் ஒட்சிசனும் பிரிவதில்லை. ஒரு நீர் மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள ஐதரசன் பிணைப்புகளே அறுகின்றன. அவற்றின் வலிமை உள்ளிருக்கும் பங்கீட்டு வலுப் பிணைப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆவியாகச் செல்வது நீர் மட்டுமே. அயன்கள் பானையிலேயே தங்குவதால் எஞ்சிய நீர் முன்னரிலும் கூடுதலாகக் கரிக்கும். அந்த ஆவியைக் குளிர்வித்துச் சேர்த்தாலன்றி நன்னீர் கிடைக்காது. கிருமிநாசினியாக இடும் குளோரீனுக்கும் இங்கு வேலையில்லை. அது கிருமிகளிடமிருந்து இலத்திரன்களைப் பறித்து அவற்றை அழிக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அயனோ தனக்குரிய இலத்திரனை ஏற்கெனவே பெற்று அடங்கிவிட்டது. மூலகம் ஒன்றே, ஓர் இலத்திரன் வேறுபாட்டில் குணம் முற்றாக மாறிவிடுகிறது.

கடல்நீர் புகுந்த கிணறுகளை இயந்திரங்களால் இறைத்து வெறுமையாக்கும் முயற்சிகளும் அக்காலத்தில் நடைபெற்றன. சேறும் குப்பையும் அகன்றது உண்மையே. எனினும் அளவுக்கு மிஞ்சி இறைத்தபோது கீழிருந்த உவர்நீர் மேலெழுந்து நிலைமையை மோசமாக்கும் ஆபத்தும் இருந்தது. மணலில் பரவிய அயன்களைக் கீழ்நோக்கியும் வாவியையும் கடலையும் நோக்கியும் மெல்ல மெல்லக் கழுவிச் சென்றது பின்வந்த வடகீழ்ப் பருவமழைதான்.