ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்

பழைய ராலே சைக்கிளின் செயின் வீலில், பற்களுக்கு உட்பக்கம், கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும். ஹம்பரில் ஐந்து குட்டி மனிதர்கள். ரட்ஜில் விரித்த கை. சட்டத்தில் ஒட்டிய பெயர் உதிர்ந்துபோனாலும் செயின் வீலைப் பார்த்தே வண்டி இன்னதென்று சொல்லிவிடலாம். 1960களில் சிங்கப்பூரின் கெர்பாவ் ரோட்டுச் சந்தில் சாத்திவைத்த வண்டிகளை நாங்கள் பிள்ளைகள் அப்படித்தான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துப் பந்தயம் கட்டுவோம். என் அப்பா பால் ஊற்றப் போனது ஹம்பரில்.

அந்த வண்டிக்கு முன்னால் 46 பல், பின்னால் 18. 28 அங்குலச் சக்கரம். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி 5.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு இருபது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, தேக்காவிலிருந்து நோவீனா மேடு ஏறும் ஆளுக்கு அதற்கு மேல் எதற்கு? எந்தக் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), எத்தனை பல் என்று அன்று யாரும் கேட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை. வண்டியோடு வந்ததுதான். கழற்றுவதென்றால் கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். பாதிப் பின்கள் வளைந்துதான் வெளியே வரும்.

இதே போன்ற ஒற்றைக் கியர் வண்டிகளில்தான் ஜப்பானியக் காலாட்படையில் பலர் மலாயத் தீபகற்பத்தைக் கடந்தார்கள். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கினார்கள், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவில் ஜப்பானிய ஏற்றுமதி சைக்கிள்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. ஊர்க்காரர்களிடம் பறித்தவையும் சேர்ந்துகொண்டன. டயர் வெடித்தால் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்தக் கடகடப்பைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்த்தரப்பு மிரண்ட கதை பெரியவர்கள் வாயிலும் உண்டு, புத்தகங்களிலும் உண்டு. பிரிட்டிஷார் போட்டுவைத்த நல்ல தார்ச்சாலைகளில் கியர் மாற்றும் தேவையே அவர்களுக்கு எழவில்லை.

ஐரோப்பாவில் பந்தயக்காரர்களுக்கு அந்தத் தேவை எழுந்து வெகு நாளாகியிருந்தது. ஆனால் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ், செயினைப் பல் விட்டுப் பல் தாவவைக்கும் டீரெய்லரைப் பந்தயத்துக்குள் விடவில்லை. கால் வலு இல்லாதவர்களுக்கான சாதனம் என்பது அவர் கட்சி. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் ஏறினார்கள். அவர் நோயுற்று விலகி, ழாக் கொதே பொறுப்பேற்ற பின், 1937இல்தான் தடை நீங்கியது. எனக்குத் தெக்ராஞ் மீது கொஞ்சம் மரியாதை உண்டு. பிடிவாதக்காரர்தான். ஆனால் எந்திரம் மனிதனின் காலை என்ன செய்கிறது என்ற கேள்வியை விடாமல் கேட்டவர்.

சிங்கப்பூர் இந்தக் கியர் கதைக்குள் நுழைந்த விதம் பலருக்குத் தெரியாது. ஜப்பானின் சாக்காய் நகரில் 1921இல் ஃப்ரீவீல் செய்து தொடங்கிய ஷிமானோ, வெளிநாட்டில் தன் முதல் உற்பத்தி நிறுவனத்தை 1973இல் இங்கேதான் தொடங்கியது. அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த நேரம். அந்த ஓராண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. பந்தயத்துக்கென்று ஷிமானோ செய்த டூரா-ஏஸ் வரிசையும் அதே 1973இல்தான் வந்தது. ஜூரோங்கில் அப்போது தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன. நானும் அந்தப் பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் எந்திரம் ஓட்டிச் சம்பாதித்தவன். சைக்கிள் சம்பந்தமே இல்லாத பட்டறை. ஆனால் ஒரு பல்லின் சரிவு ஒரு மயிரிழை பிசகினால் என்ன ஆகும் என்பதை அங்கேதான் கற்றேன். முதன்முதலாகக் காட்டர் பின் இல்லாத அலுமினியக் கிராங்க் ஒன்றைச் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் வாங்கி, ஞாயிறு முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

இளையர் பந்தயத்தின் கதை வேறு. 17, 18 வயதுக்காரர்களுக்கு அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது: ஒரு மிதிக்கு 7.93 மீட்டருக்கு மேல் வண்டி போகக்கூடாது. வளரும் முழங்காலைப் பெரிய பல்லிலிருந்து காப்பதற்கு. பந்தயம் முடிந்ததும் சாலையில் இரண்டு கோடு போட்டு, கிராங்கை நேர் கீழாக நிறுத்தி, வண்டியைப் பின்னோக்கி ஒரு சுற்று உருட்டுவார்கள். கோட்டைத் தாண்டினால் வெற்றி போச்சு.

கணக்கு எளிது. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்கு. 25 மில்லிமீட்டர் டயருக்குச் சுற்றளவு 2.105 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 52க்கு 14 போட்டால் 7.82. தப்பித்தோம். 53க்கு 14 போட்டால் 7.97, மாட்டினோம். அதே 52க்கு 14ஐ இன்றைய 28 மில்லிமீட்டர் டயரோடு வைத்தால் கோட்டின் மேலேயே நிற்கும். காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்காகவே 14 பல்லில் தொடங்கும் கேசட், அதாவது பின்பல் அடுக்கு, வந்தது. ஷிமானோவின் அல்டெக்ரா வரிசையில் 14-28 இருந்தது. கடைக்காரர்கள் அதைக் கையிருப்பில் வைத்ததில்லை, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும்.

2023 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு ஒழிந்தது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சில நாட்டுக் கூட்டமைப்புகள் தனி வரம்பு வைத்திருக்கின்றன, அது வேறு. இளையர் இப்போது பெரியவர்களைப் போலவே 54க்கு 11 போடலாம். ஒரு மிதிக்குப் பத்து மீட்டருக்கு மேல். அப்பாவின் ஹம்பரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

என் தம்பி மகளுக்குப் பதினாறு வயது. பந்தயத்தில் இறங்கப் போகிறாள். “பெரியப்பா, 52 போட்டுத் தாங்க. எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க.”

“எல்லாரும் மிதிக்கிறாங்களா, தள்ளுறாங்களான்னு முதல்ல பார்த்துட்டு வா” என்றேன்.

இந்தத் தீவில் பெரிய பல் மீது ஆசை வருவதற்குக் காரணம் நிலம். பேபர் மலை நூறு மீட்டர் உயரம்தான். மற்றபடி சாங்கி கடலோரம் தட்டை. லிம் சூ காங்கில் ஒரு பகுதியோ விமானம் இறங்கும் ஓடுபாதையாக மாற்றும்படி, விளக்குக் கம்பங்களைக் கழற்றிவிடும்படி, நூல் பிடித்தாற்போல் போட்ட சாலை.  அந்த நேர்கோட்டில் இளம்பிள்ளைகள் பெரிய பல்லைப் போட்டு, நிமிடத்துக்கு அறுபது சுற்றில் உடம்பை இடமும் வலமும் ஆட்டித் தள்ளிக்கொண்டு போவதை வாராவாரம் பார்க்கிறேன். வேகமாகத்தான் போகிறார்கள். முன்னால் போகிறவன் திடீரென்று பாய்ந்தால் இவர்களால் பாய முடியாது.

7.93 மீட்டரில் நிமிடத்துக்கு 110 சுற்று மிதித்தால் மணிக்கு 52 கிலோமீட்டர் வரும். எந்த இளையர் பந்தயத்தின் கடைசி நேர் ஓட்டத்துக்கும் அது கண்ணியமான வேகம். வரம்புக்குள் வளர்ந்த தலைமுறை வேறு வழியில்லாமல் காலை வேகமாகச் சுற்றக் கற்றது. விதியை எடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை. அது தானாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை இனி யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி மகளுக்கு 165 மில்லிமீட்டர் கிராங்க், முன்னால் 50, 34 என இரண்டு வளையம், பின்னால் தேடிப்பிடித்த 14-28. உச்சத்தில் ஒரு மிதிக்கு 7.52 மீட்டர். பேபர் மலையில் 34க்கு 28 போட்டு, நின்று மிதிக்காமல் உட்கார்ந்தே ஏறுகிறாள். தம்பி, பயன்படுத்திய அல்டெக்ரா கிராங்க் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று படம் அனுப்பினான். 2012 ஜூனிலிருந்து 2019 ஜூன்வரை செய்த, இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்த 11 கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டு பிரியலாம் என்று 2023 செப்டம்பரில் ஷிமானோவே அறிவித்து, சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது. பெடல் மாட்டும் இடத்தின் பின்புறம் உள்ள இரண்டெழுத்துக் குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விற்கிறவர் பதிலே போடவில்லை. ஷிமானோவின் புதிய 105 கிராங்க் வாங்கினோம், அது அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த ஆண்டு அவளுக்குப் பதினேழு. மறுபடியும் 52 கேட்பாள். நான் முதலில் மாற்றப்போவது பின்னால் உள்ள கேசட்டைத்தான், 12 பல்லில் தொடங்குவதாக. 50க்கு 12, ஒரு மிதிக்கு 8.77 மீட்டர். அதில் 100 சுற்று மிதித்துக் காட்டிவிட்டு வரட்டும், அப்புறம் 52ஐப் பற்றிப் பேசலாம்.