முதலாளியே மருத்துவமனை நடத்தும் ஊரில்: தொழிலாளரின் மருத்துவ இரகசியம், 1952–2025

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956இல் நிறுவப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். அங்கே எழுந்த நகரியத்தில் வேலை தருவதும், வட்டம் வட்டமாகக் கட்டிய குடியிருப்புகளை ஒதுக்குவதும், பொது மருத்துவமனையை நடத்துவதும் ஒரே நிறுவனம். அன்றைய தென்னார்க்காட்டுக் கிராமப்புறத்தில் இது பெரிய பேறு. ஆனால், தொழிலாளி மருத்துவரிடம் சொன்னது பணியாளர் பிரிவுக்குப் போகாமல் தடுப்பது எது? இந்தியாவில் மருத்துவ இரகசியம் பற்றிய சட்டங்கள் நோயாளியை வெளியாரிடமிருந்து காக்கவே பெரும்பாலும் வளர்ந்தன. மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே எழுப்ப வேண்டிய சுவரை அவை பாதியில் விட்டுவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் பாதுகாப்பு நோக்கில்தான் இருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் குறிப்பிட்ட தொழில்நோய்களை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையை விதித்தது. நோயை மூடி மறைத்து முதலாளி தப்பிவிடக் கூடாது என்பது இதன் உட்கருத்து. 1983இன் திருத்தம், பரிசோதனையில் தகுதியிழந்தவருக்கு உரிமையாளர் செலவில் சிகிச்சை கிடைக்க வழி செய்தது. சுரங்க வேலையே அதற்குக் காரணமென்றால் மாற்று வேலையோ இழப்பீடோ பெறும் உரிமையையும் தந்தது. இந்த உரிமைகளைப் பெற மருத்துவக் குறிப்பு அவசியம். ஆகவே ஆவணமே வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல முடியாது.

1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகளில் உள்ள ‘ஓ’ படிவத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். தகுதிச் சான்றின் ஒரு படி தொழிலாளிக்கு. இன்னொன்று பதிவுத் தபாலில் சுரங்க மேலாளருக்கு. மூன்றாவது பரிசோதித்த மருத்துவ அதிகாரியிடம். நோய் விவரம் தனி அறிக்கையாக இணைகிறது. பரிசோதிப்பவரும் மேலாளரும் வெவ்வேறு இடங்களில் இருப்பார்கள் என்று இவ்விதி எண்ணுவதைப் பதிவுத் தபாலே காட்டிவிடுகிறது. இருவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களாக இருக்கும் ஊரில் அந்தத் தூரத்துக்குப் பொருளில்லை. 1985இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 171ஆம் பரிந்துரை இதற்கு நேரடியாக விடை சொன்னது: முதலாளிக்குத் தரும் முடிவில் ஒருவர் அந்த வேலைக்குத் தகுதியானவரா, எந்த வேலை அவருக்கு ஆகாது என்பவை இருக்கலாம், மருத்துவத் தகவல் எதுவும் கூடாது.

இரகசியத்தின் விலையைத் தமிழ்நாடு ஹெச்.ஐ.வி. வழியாகவே கற்றது. 1986இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு நெய்வேலிக்கு மிக நெருக்கமானது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் தற்காலிகத் தொழிலாளி, தொற்று இருப்பது தெரிந்ததும் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வேலை செய்யும் தகுதியுள்ளவரை, பிறருக்கு ஆபத்தில்லாத நிலையில், தொற்றைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அவர் பெயரை மறைக்கவும் இசைந்தது. அடுத்த ஆண்டே, சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளிவந்த தொற்றுத் தகவலால் திருமணம் நின்றுபோனவரின் வழக்கில், மணப்பெண்ணின் உயிருரிமையே மேலானது என்றது உச்ச நீதிமன்றம். 2017இன் ஹெச்.ஐ.வி. சட்டம் இரகசியத்தையும் தகவல் பாதுகாப்பையும் வெளிப்படையான கடமையாக்கியது. அது நல்ல சட்டம். ஆனால் ஒரு நோய்க்கு மட்டுமானது. சர்க்கரை நோயையோ மனச்சோர்வையோ மறைக்க விரும்பும் கனரக இயந்திர ஓட்டுநருக்கு அதில் இடமில்லை.

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபின் நிலைமை தெளிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலக் குறிப்பை நுண்ணிய தகவல் என்று தனி வகையில் வைத்திருந்தன. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. அதன் 7ஆம் பிரிவு, பணி நிமித்தமாகவும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. நெய்வேலி போன்ற ஊரில் இது மிக அகலமான வாசல் என்பது என் மதிப்பீடு.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இலவச ஆண்டுப் பரிசோதனைக்கு வழி வகுத்திருக்கிறது. இனிக் குறிப்புகள் பெருகும். பெரும்பாலும் கணினியிலேயே சேரும். மேலாளரின் படியில் தகுதி முடிவு மட்டும் இருக்க வேண்டும் என்றும், மருத்துவப் பிரிவின் கணினியை நிர்வாகம் திறந்தால் அது பதிவாகித் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும் என்றும் அதன் விதிகளிலேயே எழுதிவிடலாம். நெய்வேலியின் தொழிற்சங்கங்கள் ஊதியப் பேச்சுவார்த்தையோடு சேர்த்து இப்போதே கேட்க வேண்டிய கோரிக்கை இது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.