தண்ணீர்த் தொட்டியில் குடியிருந்தவர்கள்

இத்தாலியின் வரைபடம் ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த பூட்ஸின் உள்ளங்கால் வளைவுக்குச் சற்று மேலே, ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது மத்தேரா. எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால், யாரோ கல் வீடுகளைக் கூடையோடு கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு காட்சி! கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்குத் தெரு. பல வீடுகளில் முகப்பு மட்டும்தான் கட்டியது. கதவைத் திறந்து உள்ளே போனால்... குகை. இந்தக் குகைப் பேட்டைகளுக்கு 'சாஸ்ஸி' என்று பெயர். பாறைகள் என்று அர்த்தம்.

கற்காலத்திலேயே மனிதன் இங்கே வந்துவிட்டான். பாறை மென்மையானது, உளி வைத்தால் இறங்கும். குடைந்த கல்லையே அறுத்து வாசலில் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். வெயிலிலும் பனியிலும் உள்ளே ஒரே மாதிரி சூடு. வீடு மட்டுமா, 150-க்கும் மேற்பட்ட மாதா கோயில்களையும் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஜனங்களின் நிஜமான கெட்டிக்காரத்தனம் தண்ணீரில் இருந்தது. கூரையில் விழும் மழை, கால்வாய் வழியாக வீட்டுக்கு அடியில் இருக்கும் மணி வடிவத் தொட்டிக்குப் போய்ச் சேரும். பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு முற்றம், அதிலே ஒரு பொதுத் தொட்டி. ஊர் மைதானத்துக்கு அடியில் இருக்கும் பிரமாண்டமான தொட்டியில் மட்டும் சுமார் 50 லட்சம் லிட்டர் பிடிக்கும். அப்படி ஒன்று இருந்ததையே ஊர் மறந்துபோய், 1991-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள்!

கெடுதல் ஆரம்பித்ததும் இதே தொட்டிகளில்தான். ஜனத்தொகை பெருகியது, ஏழைக்கு இடமில்லை. மழைநீர் தேங்க வேண்டிய தொட்டிகளைக் காலி செய்து அவற்றிலும் குடியேற ஆரம்பித்தார்கள். ஜன்னல் கிடையாது, வெளிச்சம் கிடையாது. ஒரே அறையில் அப்பா, அம்மா, அரை டஜன் பிள்ளைகள், கட்டிலுக்குக் கீழே கோழிகள், பின்பக்கம் கோவேறு கழுதை. கழுதை இருந்தால் குளிருக்குக் கதகதப்பு, பாவம், அப்படியும் ஒரு சௌகரியம்! குகையில் வாழ்ந்ததால் அவர்கள் நோயாளிகளாகவில்லை. தொட்டியில் வாழ நேர்ந்ததால் ஆனார்கள்.

கார்லோ லேவி, டூரின் நகரத்துக்காரர். மருத்துவம் படித்த ஓவியர். முசோலினியை எதிர்த்த குற்றத்துக்காக 1935-ல் இந்தப் பிரதேசத்துக்கு நாடு கடத்தப்பட்டார். அவரைப் பார்க்க வந்த சகோதரி (அவரும் டாக்டர்) வழியில் மத்தேராவைச் சுற்றிப் பார்த்தார். பின்னாலேயே குழந்தைகள் கூட்டம். கேட்டது காசு இல்லை... கொய்னா! மலேரியா மருந்து. லேவி இதையெல்லாம் 1945-ல் 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்' என்ற புத்தகத்தில் எழுத, இத்தாலியே தலைகுனிந்தது. 'தேசிய அவமானம்' என்று மேடைதோறும் பேசினார்கள். 1950-ல் பிரதமர் தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952-ல் சட்டம் வந்தது. குடியிருக்கத் தகுதியில்லாத குகைகளைக் காலி செய்ய வேண்டும்!

சுமார் 15,000 பேர் படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்துவிடாமலிருக்கப் பல குகைகளின் வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். புது வீட்டில் குழாய், கக்கூஸ், மின்சாரம் எல்லாம் இருந்தது. பழைய வாழ்க்கை போச்சே என்று உருகுகிறவர்கள், ஒரு குழந்தையாவது மலேரியாவில் கிடந்ததைப் பார்த்தவர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் முற்றம் போனது போனதுதான். 'லா மார்த்தெல்லா' என்ற புதுக் கிராமத்தைக் கட்டிய நிபுணர்கள் அதற்காகவே பழைய அண்டை வீட்டு உறவை வரைபடத்தில் கொண்டுவரப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தையை வரைபடத்தில் போட முடியுமா?

காலியான ஊர் முதலில் சினிமாக்காரர்களுக்குப் பிடித்தது. 1964-ல் பசோலினி, 2004-ல் வெளியான படத்துக்கு மெல் கிப்சன்... இரண்டு பேருக்கும் அது ஜெருசலேம். 2021-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கார் துரத்தல்! நடுவில் 1986-ல் புனரமைக்கச் சட்டம், 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல், 2019-ல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர் பட்டம். கழுதை கட்டியிருந்த சில குகைகளில் இப்போது நட்சத்திர ஹோட்டல் குளியல் தொட்டிகள்.

போகிறவர்கள், அந்தக் காலக் குடித்தனத்தை அப்படியே வைத்திருக்கும் ஏதாவது ஒரு குகை வீட்டைப் பார்த்துவிட்டு, பிறகு கடைத்தெருவுக்குப் போங்கள். மரத்தில் செதுக்கிய சின்ன முத்திரைகள் விற்பார்கள். வீட்டில் மாவு பிசைந்து, ஊர்ப் பொது அடுப்புக்கு அனுப்பும்போது, யார் வீட்டு ரொட்டி என்று தெரிய குடும்பத்தின் முதலெழுத்தை அதில் குத்துவார்கள். ஒரு ரொட்டி ஒரு வாரத்துக்கு வர வேண்டும், மாறிப்போனால் குழந்தைகள் பட்டினி. இப்போது சுற்றுலாப் பயணிகள் அதை வாங்கிப்போய் அலமாரியில் வைக்கிறார்கள்.