கணிப்பொறிச் சரித்திரத்தில் நினைவகத்தின் ஸ்தானம்

கணிப்பொறியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கணக்கிடும் வேகத்தையே அளவுகோலாகக் கொண்டு, பற்சக்கரத்திலிருந்து வெற்றிடக் குழலுக்கும், அதிலிருந்து டிரான்சிஸ்டருக்கும், பின்னர் சிலிக்கன் சில்லுக்கும் ஏறிச்சென்ற படிவரிசையாக அதைச் சித்திரித்திருக்கிறார்கள். இச்சித்திரம் பொய்யென்று சொல்வதற்கில்லை; ஆயினும், மின்னணு யந்திரங்கள் தோன்றிய நாள்முதல் அவற்றின் சக்திக்கு எல்லை வகுத்து வந்தது, வேண்டிய எண்ணை வேண்டிய கணத்தில் எடுத்துக் கொடுக்கும் நினைவகமே என்பது என் அபிப்பிராயம்.

1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களோடு விநாடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்தது. அழித்து எழுதத்தக்க அதன் நினைவோ பத்து இலக்க எண்கள் இருபதுக்கு மேல் கொள்ளவில்லை. கட்டளைகளை வைக்க இடமில்லாமையால், ஒவ்வொரு புதிய கணக்குக்கும் கம்பிகளைப் பிடுங்கிச் செருகி, விசைகளைத் திருப்பி, நாட்கணக்கில் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கலாம் என்ற யோசனையை, 1945 ஜூனில் வான் நாய்மன் பெயரோடு வெளிவந்த எட்வாக் அறிக்கை எழுத்தில் வைத்திருந்தது. (அந்த யோசனையில் பங்குடைய எக்கெர்ட், மாக்லி ஆகியோரின் பெயர்கள் அதில் இடம்பெறாதது இன்றும் தீராத வழக்கு.) ஆனால் அத்தனை பெரிய நினைவைத் தாங்கும் பொருள் எது?

போர்க்காலத்து ரேடாரில் பயன்பட்ட பாதரசக் குழாய் இதற்கு ஒரு வழி காட்டியது. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் சமைத்து, 1949 மே 6-ஆம் தேதி முதன்முதல் இயங்கிய எட்சாக் யந்திரத்தில், சுமார் 5 அடி நீளமுள்ள உருக்குக் குழாய்களில் பாதரசம் நிரப்பப்பட்டிருந்தது. ஒரு முனையிலிருந்த குவார்ட்ஸ் படிகம் மின்துடிப்பை ஒலியலையாக மாற்றிப் பாதரசத்துக்குள் அனுப்ப, ஆயிரத்தில் ஒரு விநாடியில் அது மறுமுனையை எட்டி, மீண்டும் மின்துடிப்பாகி, வலுவூட்டப்பெற்று, புறப்பட்ட இடத்துக்கே திருப்பப்பட்டது. அவ்வாறு ஓயாமல் சுற்றிய ஒலித்தொடரே அந்த யந்திரத்தின் ஞாபகம். உஷ்ணநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறுமாதலால் குழாய்களை ஒரே வெப்பத்தில் காக்கவேண்டியிருந்தது. தேவைப்பட்ட எண் குழாயின் நடுவே பயணித்துக்கொண்டிருந்தால், அது வெளிவரும்வரை கணக்கிடும் பகுதி வாளா காத்திருந்தது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் முயற்சிகளே பின்வந்த கால் நூற்றாண்டை நிரப்பின. 1953-இல் அமெரிக்காவின் வேர்ல்விண்ட் யந்திரத்தில் இடம்பெற்ற காந்த வளைய நினைவகம், 1960-இல் பம்பாயில் நிறைவுற்ற டிஃப்ராக் யந்திரத்திலும் இடம்பெற்றது. 1968-இல் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற முறையோ, ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் கொண்டே ஒரு பிட்டைக் காத்தது. மின்தேக்கி கசிவதால் அதை இடைவிடாது புதுப்பிக்க வேண்டும். அவ்வகையில் பாதரசக் குழாயின் விதி இதையும் விடவில்லை.

வேகம் மிகுந்ததனாலன்றோ நினைவகம் பின்தங்கியதாகத் தோன்றுகிறது என்று ஆட்சேபிக்கலாம். ஜான் பேக்கஸ் 1977-இல் நிகழ்த்திய டூரிங் பரிசுப் பேருரையில், கணக்கிடும் பகுதிக்கும் நினைவகத்துக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய வழியையே குறையாகச் சுட்டினார். அக்குறை யந்திரத்தின் அமைப்பிலேயே உள்ளது. இன்றைய சில்லுகளில், வெளிநினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவர ஆகும் மின்சக்தி, அதைப் பெருக்க ஆவதைப்போல் நூறு மடங்கையும் தாண்டக்கூடும். செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளின் பக்கத்திலேயே நினைவகங்களை அடுக்கடுக்காக ஏற்றுவதும் இக்காரணம் பற்றியே.

இன்னும் ஒரு படி துணிந்தோர், மின்தடை மாறக்கூடிய நுண்ணுறுப்புகளில் எண்களைப் பதித்து, ஓம் விதியையே பெருக்கல் செய்யவைத்து, நினைவகத்துக்குள்ளேயே கணக்கை முடிக்க முயல்கிறார்கள். அவ்வுறுப்புகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுவதால், தோராயம் போதுமான காரியங்களுக்கு இம்முறை பொருந்தலாம்; கடைசி இலக்கம்வரை துல்லியம் வேண்டும் கணக்குகளுக்கு, 1945-இன் ஏற்பாட்டை அகற்றத்தக்க மாற்று இன்னும் அமையவில்லை.