பகடிவதையும் நட்பு வலைப்பின்னலும்: கிளமெண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு நோக்கு

சிங்கப்பூரின் கிளமெண்டி அவென்யூ 1, அவென்யூ 3 ஆகிய இரு சாலைகளில் நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று பள்ளிகள் இருக்கின்றன. அவென்யூ 1இல் உள்ள நன்ஹுவா உயர்நிலைப் பள்ளி, சீன மொழிக்குத் தனியிடம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. அதே சாலையில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளி, ஆறாண்டுப் படிப்புக்கு மாணவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மூன்றாவது, கிளமெண்டி டவுன் உயர்நிலைப் பள்ளி. இது வழக்கமான அரசாங்கப் பள்ளி. மாலையில் மூன்று சீருடைகளும் ஒரே பேருந்து முனையத்தில் கலந்து நின்றாலும், பகல் முழுவதும் யார் யாரோடு உட்கார வாய்ப்புண்டு என்பதைப் பள்ளிச் சேர்க்கை விதிகளே முடிவு செய்துவிடுகின்றன. பகடிவதையை ஆராய வருபவர் கொடுமை செய்தவர், கொடுமைக்கு ஆளானவர் என்ற இருவரில் தொடங்குவது வழக்கம். இந்த விதிகளிலும் அவற்றால் உருவாகும் நட்பு வலைப்பின்னலிலும் தொடங்கினால்தான் சிக்கல் பிடிபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எண்கள். கல்வி அமைச்சு நாடாளுமன்றத்தில் தந்துவரும் விவரங்களின்படி, பள்ளிகளில் ஆண்டுதோறும் பதிவாகும் பகடிவதைச் சம்பவங்கள் ஆயிரம் மாணவருக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. ஆனால், 2018ஆம் ஆண்டின் பிசா எனும் அனைத்துலக மாணவர் மதிப்பீட்டு ஆய்வில் சிங்கப்பூரின் 15 வயது மாணவர்களில் 26 விழுக்காட்டினர், மாதத்தில் சில தடவையாவது பகடிவதைக்கு ஆளாவதாகக் கூறினர். அந்த ஆய்வை நடத்தும் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 23 விழுக்காடு.

இரண்டில் ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியாது. அமைச்சின் கணக்கில் ஏறுவது ஆசிரியர் காதுக்கு எட்டி, விசாரிக்கப்பட்ட சம்பவம். பிசா கேட்பது மாணவர் தாமே உணர்ந்த அனுபவத்தை. அடி, மிரட்டல் ஆகியவற்றோடு ஒதுக்கிவைப்பதும் வதந்தி பரப்புவதும் அதில் சேரும். உணவு வேளையில் ஒரு மேசையே எழுந்து போய்விட்டால் அதற்குத் தழும்பும் இல்லை, பதிவேடும் இல்லை. நண்பர்களுக்குத் தெரிந்தது ஆசிரியருக்கு எட்டாமல் நின்றுவிடும் இடம் எது என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி.

வகுப்பறை உறவுகளைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து காட்டும் முறையை ஜேக்கப் மொரேனோ 1930களிலேயே அமெரிக்காவில் பரப்பினார். பகடிவதை ஆய்வு பெருமளவு வேறு வழியில் வளர்ந்தது. நார்வேயில் டான் ஒல்வேயஸ், தீங்கு செய்யும் எண்ணம், திரும்பத் திரும்ப நிகழ்தல், வலிமை ஏற்றத்தாழ்வு என மூன்று அடையாளங்களை வகுத்தார். முதலிரண்டையும் கேள்வித்தாளால் ஓரளவு அளக்கலாம். மூன்றாவதை அப்படி அளப்பது கடினம், ஏனெனில் பள்ளியில் வலிமை என்பது உடற்பலம் மட்டுமன்று. யாருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும்தான்.

ராபர்ட் ஃபாரிஸ், டயேன் ஃபெல்ம்லீ இருவரும் அமெரிக்காவின் வட கரோலினாவில் செய்த ஆய்வு (2011) இதை உறுதிப்படுத்துகிறது. செல்வாக்கு ஏற ஏற மாணவரின் வன்போக்கும் ஏறுகிறது. உச்சியில் இருக்கும் மிகச் சிலரிடம் மட்டும் அது தணிகிறது. பின்னர் வெளிவந்த அவர்களது தொடர் ஆய்வு இன்னும் சங்கடமான முடிவைச் சொன்னது: கொடுமை பெரும்பாலும் அந்நியரிடமிருந்து வருவதில்லை. நண்பர்களிடமிருந்தும், ஒரே இடத்துக்குப் போட்டியிடும் நிகரானவர்களிடமிருந்தும் வருகிறது. அப்படியானால் “உன்னைத் தொந்தரவு செய்தது யார்?” என்று கேட்டால் பிள்ளை தயங்குவதில் வியப்பில்லை. பெயரைச் சொன்னால் இருக்கிற நட்பும் போய்விடும்.

இந்த முடிவுகளைச் சிங்கப்பூருக்கு அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. இங்குள்ள குடியிருப்பாளர்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ் மாணவர்களே இருக்கும்போது, தாய்மொழிப் பாடவேளையில் அவர்கள் பிற வகுப்புப் பிள்ளைகளோடு சேர்கிறார்கள். தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளில் பயில்பவர்கள் பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குச் சென்று படிப்பதுண்டு. வகுப்பும் தமிழ்ப் பாடவேளையும் இரு வட்டங்கள் என்றால், இணைப்பாட நடவடிக்கை மூன்றாவது வட்டம், வாட்ஸ்அப் குழு நான்காவது. வகுப்பை மட்டும் எல்லையாக வைத்து வரையும் படத்தில் தனியாளாகத் தெரியும் ஒரு மாணவிக்குத் தமிழ் வகுப்பில் நெருங்கிய தோழிகள் மூவர் இருக்கலாம். அதற்கு மாறாக, அந்தத் தோழிகள் கேலி நடக்கும் வகுப்பறையில் இல்லாததே அவளை எளிய இலக்காக்கவும் கூடும். இவற்றில் எது உண்மை என்பதை நான்கு வட்டங்களையும் சேர்த்து வரைந்தால்தான் அறிய முடியும்.

காலமும் முக்கியம். வம்பு செய்பவர்கள் தங்களுக்குள் நண்பர்களாகிறார்களா, நண்பர்களானபின் வம்பு செய்யப் பழகுகிறார்களா? ஒருமுறை எடுத்த கருத்தாய்வால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. டாம் ஸ்னைடர்ஸ் உருவாக்கிய புள்ளியியல் மாதிரிகள் அதற்கு உதவும். ஆனால் அதே மாணவர்களிடம் குறைந்தது இரு தடவையாவது தரவு திரட்டியாக வேண்டும். பெற்றோர் பலர் ஒப்புதல் தராவிட்டால் படத்தில் புள்ளிகளோடு கோடுகளும் அறுந்து, முடிவே திரியும். “யாரைப் பிடிக்காது?” என்ற கேள்வி, ஆய்வே புண்படுத்தும் ஆபத்தைக் கொண்டது. அதைத் தவிர்த்து “யாரோடு நேரம் செலவிடுகிறாய்?” என்று கேட்பதே தகும்.

இத்தனை பாடுபட்டு வரையும் படத்தால் என்ன பயன்? எலிசபெத் பாலக் குழுவினர் நியூ ஜெர்சியின் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடத்திய சோதனை (2016) விடை தருகிறது. மாணவர் தொடர்புகளை முதலில் வரைந்து, சோதனைக்குத் தேர்வான ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறு மாணவர் குழுவிடம் பூசலுக்கு எதிரான முயற்சியை ஒப்படைத்தனர். மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட, பூசல் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் ஓராண்டில் 30 விழுக்காடு குறைந்தன. சக மாணவரிடையே செல்வாக்கு மிக்கவர்கள் குழுவில் கூடுதலாக இருந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சக மாணவர் ஆதரவுக் கட்டமைப்பு ஏற்கனவே உண்டு. அதில் ஆசிரியர் கண்ணுக்கு நல்ல பிள்ளையாகப் படுபவர் மட்டும் இடம்பெற்றால் போதாது. மற்ற மாணவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்களோ அவரும் வேண்டும், அவர் கொஞ்சம் குறும்புக்காரராக இருந்தாலும்.

ஆய்வுக்கு இதைவிட நல்ல தருணம் அமையாது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு விரைவு, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் நீங்கி, வெவ்வேறு தேர்ச்சி நிலையினர் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். வகுப்பறைக் கலப்பு கூடும்போது மாணவர் பாதுகாப்பாக உணர்வதும் கூடுகிறது என்று லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் யானா யுவோனன் குழுவினர் 2006இல் கண்டனர். அது இனக் கலப்பைப் பற்றியது. தேர்ச்சி நிலைக் கலப்புக்கும் பொருந்துமா என்பதைக் கிளமெண்டி போன்ற வட்டாரத்தில், அருகருகே வெவ்வேறு சேர்க்கை விதிகளோடு இயங்கும் பள்ளிகளை ஒப்பிட்டுச் சோதிக்கலாம். பழைய பிரிவுகளைக் காணாத அந்த முதல் அணியினர் 2027இல் புதிய பொதுத் தேர்வை எழுதி வெளியேறுவர். அமைச்சும் பல்கலைக்கழகங்களும் கைகோத்து, இனிச் சேரும் ஒவ்வோர் அணியின் நட்பு வலையையும் முதல் தவணையிலிருந்தே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.