உணர்விழந்த கரங்கள் உரைத்த உண்மை

திருவாலங்காட்டிலே ஆண்டவன் காலைத் தூக்கி ஆடினான், காளி தோற்றாள் என்பர். அந்த இடத்துக்கு இரத்தின சபை என்று பெயரும் சூட்டினர். தூக்கிய காலுக்குக் கதை கட்டியவர்கள், கோயில் வாயில்கள்தோறும் கை மடங்கி, விரல் குறைந்து அமர்ந்திருந்த தொழுநோயாளருக்கு என்ன காரணம் கூறினர்? முன்வினை! அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்தது.

விசாரணையை முடிக்காதவர்களும் இருந்தனர். 1873-இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். வினையல்ல, நரம்பைத் தாக்கும் கிருமி!

கை மடங்குவது ஏன்? விடை நமது மண்ணிலேதான் கிடைத்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் விடுதியில், மடங்கிய விரல் படைத்த ஒருவரின் கையைப் பற்றினார். அந்தப் பிடி அவருக்கு வலித்தது! செத்த கைக்கு இவ்வளவு வலிமை ஏது? ஆராய்ந்தார். கையிலுள்ள சிறு தசைகளை இயக்கும் நரம்பு கெட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே பெருந்தசைகள் நன்றாகவே இருந்தன.

வெட்டுண்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரக்கூடும். நெடுநாள் நோயால் அழிந்த நரம்போ அப்படித் தழைப்பதில்லை. எனவே, நல்ல தசையொன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுடன் இணைத்தார். 1948-இல் வேலூரில் அந்த அறுவை தொடங்கியது. புதிய வேலையைக் கற்க மூளைக்குப் பயிற்சி தரப்பட்டது. மடங்கிய விரல் நிமிர்ந்தது.

விரல் அழுகி விழுகிறது என்ற எண்ணமும் வீழ்ந்தது. வலி தெரியாததால் நெருப்பிலே கை வைத்தனர். புண்ணை உணராமல் உழைத்தனர். உறங்கும்போது எலி கடித்ததும் உண்டு. காவலுக்குப் பூனை கொடுத்தார் மருத்துவர்! சாபத்தைப் பூனை விரட்டுமோ? எலியைத்தான் விரட்டும்.

அங்கே பணியாற்றிய மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். நடக்க முடியாத பெண், முடங்கிய கரங்களை இயங்க வைத்தார். எந்தத் தலபுராணத்தை விடவும் இது பெரிதன்றோ!

பிராண்ட் பாதிரியாரின் மகன்தான்; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரலை நிமிர்த்தியது செபமன்று. சோதனை, கணக்கு, கத்தி.

கை நிமிர்ந்தது, சட்டம் நிமிர்ந்ததா? ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்து அடைக்க வகை செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம், 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் வழி 2019-இல்தான் அடைபட்டது. கிருமியைக் காண்பதினும் கடினம், மனத்தின் மாசைக் களைவது!

இளைஞர்களே! கும்மிடிப்பூண்டி ஆலைகளிலே காய்ந்த இரும்பருகே நிற்கும் தோழனின் கை சூடு உணரவில்லையெனில், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை தோன்றினால், தேமல் என்று தள்ளாதீர். திருநீறு பூச விடாதீர். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது ஓராண்டில் நோய் தீரும். நரம்பு கெடுமுன் அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கை ஏந்துவதற்கன்று, உழைப்பதற்கு, உயர்த்துவதற்கு!