பிள்ளைக் காம்பராவுக்கும் டீ.எஸ். ஒபீஸுக்கும் நடுவில்

ஊவாத் தோட்டங்களில் ஓட்டிசம் பற்றிப் பேசுவதென்றால் பிள்ளைக் காம்பராவிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். தாய்மார் கொழுந்துக்குப் போவதற்காகத் தோட்டம் வைத்த இடம் அது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, மற்றப் பிள்ளைகளோடு சேராத ஒரு பிள்ளை, தொந்தரவு பண்ணாம மூலையில் இருந்தால் அங்கே "நல்ல புள்ள". அவ்வளவுதான்.

லியோ கானர் ஓட்டிசத்தை விவரித்து எழுதியது 1943இல். ஐந்து வருசத்தில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பூட்டன்மாரை நாடற்றவர்கள் ஆக்கியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அரசு உதவி பிரஜைக்கு. தோட்டத்து ஆளுக்கு மருந்தும் பள்ளிக்கூடமும் துரை கொடுத்தால் உண்டு. 1945இல் வந்த இலவசக் கல்வியே எங்களை விட்டுட்டுத்தான் போனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளில். சாதாரண வகுப்புக்கே இந்தக் கதி என்றால் விசேட கல்வி வகுப்பை யார் கேட்டிருப்பாங்க?

வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. அப்போதும் மலையகத்தில் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் இருந்தார்கள். 2003இல்தான் அதற்கு இன்னொரு சட்டம். இதற்கிடையில் 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அது தடையாக நின்றது, 2018இல் திருத்தும்வரை. பசறையிலோ ஹாலிஎலயிலோ வரி, வாக்கு எல்லாம் இருந்தும், லயத்துப் பக்கம் சபையின் கை நீளவில்லை.

இப்போது அஸ்வெசுமவில் வலதுகுறைந்தோர் கொடுப்பனவு இருக்கிறது: 2023இல் மாதம் 5,000 ரூபா, 2024இல் 7,500. ஆனா அதை எடுக்க வைத்தியச் சான்று வேணும், கிராம சேவகர் வேணும், டீ.எஸ். ஒபீஸ் வேணும். மடுல்சீமையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் வந்து போனால் அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேச்சுப் பயிற்சி ஒருநாளோடு முடிகிற காரியமும் இல்லை. தமிழில் அதைச் செய்யக்கூடியவர்கள் நாட்டிலேயே குறைவு. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தால், அம்மா அதை லயத்தில் எப்படித் தொடர்வது? பணத்தைவிட இதுதான் பெரிய இடைவெளி என்பது எங்கள் எண்ணம்.

குடும்பநல மருத்துவிச்சி தருகிற சுகாதாரப் புத்தகம் கிட்டத்தட்ட எல்லா லயத்திலும் இருக்கிறது, பெரும்பாலும் தகரப் பெட்டிக்குள். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யணும் என்ற பக்கமும் அதில் உண்டு. தடுப்பூசித் திகதி பார்க்கத்தான் அதை எடுக்கிறோம். வாசிக்கத் தெரிந்த அக்கா, அண்ணன்மார் லயத்துக்கு லயம் இருக்கிறோம். அந்தப் பக்கத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க பஸ் ஏறத் தேவையில்லை, பேரும் போகாது.